கேட்கத் தெரிந்த காதுகள்

திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி கிழக்குக் கோட்டைப் பக்கம் நடந்தால் சில நிமிடங்களில் பழவங்காடி கணபதி கோயில் வந்துவிடும். இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் உள்ள கோயில் இது. தேங்காய் உடைப்பதுதான் இங்கே முக்கிய நேர்த்திக்கடன். தேங்காய் வாங்கிப் பழகியவர்கள் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ஓட்டை உடைக்காமல் உள்ளே இருப்பதை அறிய மனிதனுக்குத் தெரிந்த பழைய வழி அது. ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், திரும்பி வருவதைக் கேட்க வேண்டும்.

இதே பழவங்காடி வட்டாரம் 2024 ஜூலையில் வேறொரு காரணத்துக்காகச் செய்திகளில் அடிபட்டது. ரயில் நிலையத்துக்கு அடியில் சுரங்கமாகப் புகுந்து செல்லும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ளிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், ஜூலை 13 அன்று மழை நீரின் திடீர் வேகத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. ஆனால் இந்த ஓடையில் தண்ணீரைவிட பிளாஸ்டிக்கே அதிகம். தீயணைப்புத் துறையின் முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். கேமரா பொருத்திய ரோபோ இறங்கியது. கொச்சியிலிருந்து கடற்படைக் குழு சோனார் கருவியுடன் வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் காலை, தகரப்பரம்பு பகுதியில் அவருடைய உடல் நீரில் மிதப்பதைத் துப்புரவுத் தொழிலாளர்கள் கண்டார்கள்.

கண் தெரியாத நீரில் ஒலியால் பார்க்கும் கருவி சோனார். கர்ப்பிணியின் வயிற்றில் வைக்கப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியும் அடிப்படையில் அதுவேதான். இரண்டுக்கும் பலம் ஒன்று, பலவீனமும் ஒன்று. நீரிலும் சதையிலும் ஒலி தாராளமாகப் போகும்; காற்றைச் சந்தித்தால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். பிளாஸ்டிக் பையில் சிக்கிய காற்று சோனாரைக் குருடாக்கும். தோலுக்கும் கருவிக்கும் நடுவே உள்ள காற்று ஸ்கேனைக் குருடாக்கும். ஸ்கேன் எடுக்கும் முன் வயிற்றில் சில்லென்று ஜெல் தடவுவது இதனால்தான்.

இந்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் இந்தியாவில் சொந்த வீடு உண்டு என்பதுதான் விசித்திரம். சோனார் வடிவமைப்பில் நாட்டுக்கு அரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தின் பெரும்பகுதி கேரளத்தில்தான் திரண்டது. ஆனால் அதே கேரளத்தின், அதே தமிழகத்தின் மருத்துவமனைகளில் உள்ள ஸ்கேன் எந்திரங்களில் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய, கொரிய, சீனப் பெயர்களையே அதிகம் பார்க்க முடியும்.

முகூர்த்த நேரக் கணக்கு

தேங்காயைச் சுண்டுபவருக்கு ஒரு விரல், ஒரு காது. கிடைக்கும் விடையும் ஒன்றே ஒன்று: நல்லது அல்லது அழுகல். படம் வேண்டுமானால் பல காதுகள் வேண்டும். ஸ்கேன் செய்பவர் கையில் பிடித்திருக்கும் புரோப்பின் முனையில், ரப்பர் போன்ற உறைக்கு உள்ளே, பீங்கான் துண்டுகள் வரிசையாக நிற்கின்றன. பொதுவாக 128. மின்சாரம் கொடுத்தால் இந்தப் பீங்கான் துடித்து ஒலி எழுப்பும். ஒலி வந்து மோதினால் மின்சாரம் தரும். 1880-ல் பியர், ஜாக் கியூரி சகோதரர்கள் சில படிகங்களில் கண்டறிந்த குணம் இது. வாயும் காதும் ஒன்றாகவே அமைந்த இந்தத் துண்டுக்கு டிரான்ஸ்டியூசர் என்று பெயர்.

128 துண்டுகளும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒலி நேராகப் போகும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் குவிய வேண்டுமானால் ஓரத்தில் இருப்பவை முதலில் ஒலிக்க வேண்டும், நடுவில் இருப்பவை கடைசியில். கல்யாண வீட்டுக் கணக்குதான். எல்லோரும் முகூர்த்த நேரத்துக்கு மண்டபத்தில் கூட வேண்டுமானால் வெளியூர்க்காரர்கள் முந்தின நாளே கிளம்புவார்கள், பக்கத்துத் தெருக்காரர் காபி குடித்துவிட்டு வருவார். இங்கே கிளம்பும் நேர வித்தியாசம் மிகச் சிறியது. துண்டுகளுக்கிடையே 0.3 மில்லிமீட்டர் என்று வைத்தால், 4 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒலி குவிய, ஓரத்துத் துண்டு நடுத் துண்டைவிட ஒரு நொடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு முந்த வேண்டும். அந்தக் கணக்கிலும் பிழை ஏறக்குறைய 10 கோடியில் ஒரு பங்கு நொடியைத் தாண்டக் கூடாது. இந்த நேரங்களை மாற்றி மாற்றிக் கொடுத்தால் புரோப்பை அசைக்காமலே ஒலிக்கற்றையை இடமும் வலமும் திருப்பலாம். நெஞ்செலும்புகளின் சந்து வழியே இதயத்தைப் பார்க்க முடிவது இந்த வித்தையால்.

கேட்பதுதான் இதைவிடக் கடினம். 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி உடலில் 10 சென்டிமீட்டர் ஆழம் சென்று திரும்புவதற்குள் அதன் ஆற்றல் சுமார் லட்சத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அந்த முனகலை 128 காதுகள் சற்று முன்னும் பின்னுமாகக் கேட்கின்றன. ஒவ்வொன்றும் கேட்டதை உரிய அளவு தாமதப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கூட்ட வேண்டும். உண்மையான எதிரொலி என்றால் 128-ம் ஒத்துப்போய் வலுக்கும். வெறும் இரைச்சல் என்றால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். ஒவ்வொரு காதும் நொடிக்கு 4 கோடி முறை அளந்தால், கூட்டுக் கணக்கில் நொடிக்கு 512 கோடி எண்கள். திரையில் தெரியும் சாம்பல் நிறப் படம் இந்தக் கூட்டலின் விடை.

வடிவமைப்பவரின் தலைவலி இன்னொன்று உண்டு. ஒலியின் அதிர்வெண் கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஆழம் போகாது. எனவேதான் தைராய்டுக்கு ஒரு புரோப், வயிற்றுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. துண்டுகளின் இடைவெளியிலும் கண்டிப்பு உண்டு. கற்றையைத் திருப்பும் வகைப் புரோப்பில் இடைவெளி அலைநீளத்தில் பாதியைத் தாண்டினால், கேட்காத திசையில் ஒரு பேய்க் கற்றை கிளம்பி, இல்லாததை இருப்பதாகக் காட்டும். 5 மெகாஹெர்ட்ஸில் அந்தப் பாதி 0.15 மில்லிமீட்டர், சுமாராக இரண்டு தலைமுடியின் தடிமன்.

குக்ரி கேட்ட கேள்வி

இந்தியா இந்தக் கலையைக் கற்றது ஒரு சாவு வீட்டிலிருந்து. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ கரைக்கு அப்பால் போர்க்கப்பல் குக்ரியைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கடலுக்கு அடியில் இருப்பதைக் கேட்கும் திறனில் கடற்படை பின்தங்கியிருந்தது என்ற உண்மை அந்த இரவில் அம்பலமானது.

பொள்ளாச்சியில் 1944-ல் பிறந்து, பதின்ம வயதிலேயே ராணுவப் பயிற்சிக்குப் போன கடற்படை அதிகாரி ஆரோக்கியசாமி பால்ராஜ் இங்கேதான் வருகிறார். டெல்லி ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்றிருந்த அவருடைய தலைமையில், கொச்சியில் உள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வுக்கூடம் எழுபதுகளின் பிற்பகுதியில் அப்சோ என்ற சோனாரை உருவாக்கியது. கப்பலின் அடிவயிற்றில் பொருத்தப்பட்ட டிரான்ஸ்டியூசர் வரிசை நாலா திசையையும் ஒரே சமயத்தில் கேட்கும். 1983-ல் அது ஹிம்கிரி போர்க்கப்பலில் ஏறியது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்தது. அதற்குப் பிறகு ஹம்சா, நீர்மூழ்கிகளுக்கு உஷஸ் என்று வரிசை நீண்டது. இடுக்கி அணையின் நீர்த்தேக்கக் கரையில், குளமாவில், சோனார்களைச் சோதிக்கவே தனி ஆய்வு மையம் இருக்கிறது. 1973-ல் தொடங்கிய கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் கடற்படைக்கான டிரான்ஸ்டியூசர்களைச் செய்துவருகிறது. திருவனந்தபுரத்தின் விளிம்பில் உள்ள அதன் கரகுளம் ஆலைக்கும் இதில் பங்கு உண்டு.

பால்ராஜ் பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். பல காதுகள் சேர்ந்து கேட்கும் அதே சிந்தனையை ரேடியோ அலைகளுக்குக் கொண்டுபோய், ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்களால் ஒரே அலைவரிசையில் பல மடங்கு தகவல் அனுப்பும் முறைக்கு 1994-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய 4ஜி, வைஃபை எல்லாம் அந்த முறையில் நிற்கின்றன. 2010-ல் பத்மபூஷண், 2014-ல் மார்க்கோனி பரிசு. கடலில் கற்ற பாடம் கைபேசிக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

மேற்கில் அந்த வழி முதலிலேயே திறந்துகொண்டது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சவின் குவார்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் செய்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றிய கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் அயன் டொனால்டு, 1955-ல் ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குக் கட்டிகளைக் கொண்டுபோய், உலோகத்தில் விரிசல் தேடும் ஒலிக் கருவியால் சோதித்துப் பார்த்தார். 1958-ல் அவர் குழுவின் ஆய்வுக் கட்டுரை லான்செட் இதழில் வந்தது. ஒற்றைக் காதை வரிசையாக்கும் வேலை நெதர்லாந்தில் நடந்தது. 1968-ல் சோமர் கற்றையைத் திருப்பிக் காட்டினார். 1971-ல் ரோட்டர்டாமில் நிக்கோலாஸ் போம் 20 படிகங்களை வரிசையாக வைத்துத் துடிக்கும் இதயத்தையே திரையில் ஓடவிட்டார். அதே ஆண்டில்தான் குக்ரி மூழ்கியது.

ஆயிரத்தில் ஒரு பங்கு

கொச்சியின் சோனாரைச் சுருக்கினால் ஸ்கேன் எந்திரம் வந்துவிடுமா? கணக்கு அப்படித்தான் சொல்கிறது. 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கடல்நீரில் 30 சென்டிமீட்டர். 5 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கு உடலில் 0.3 மில்லிமீட்டர். துல்லியமாக ஆயிரத்தில் ஒரு பங்கு. கூட்டல் சூத்திரம் மாறுவதில்லை. ஆனால் கைவேலை மாறிவிடுகிறது. சோனாரின் பீங்கானைக் கையில் எடுத்துப் பொருத்தலாம். புரோப்பின் பீங்கானை வைர ரம்பத்தால் முடியளவுக்குக் கீற்றுக் கீற்றாக அறுத்து, ஒவ்வொரு கீற்றுக்கும் தனிக் கம்பி கொடுத்து, ஒன்றின் துடிப்பு பக்கத்துக் கீற்றுக்குப் பரவாமல் பசை நிரப்பி, மேலே ஒலியை உடலுக்குள் இழைந்து செல்லவிடும் படலங்களை ஒட்ட வேண்டும். அதோடு 100 வோல்ட் அளவில் அடித்துவிட்டு அடுத்த கணமே வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்கைக் கேட்கும் சில்லுகள் வேண்டும். இது வேறு ஆலை, வேறு முதலீடு.

கைவேலை கடினம் என்பது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் திருவனந்தபுரத்தில் செயற்கை இதய வால்வும் பிறந்திருக்காது. பழவங்காடியிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில், டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் வால்வு முயற்சி நடந்தது. முதல் மாதிரிகள் சோதனையில் தோற்றன. விடாமல் மாற்றி மாற்றிச் செய்து, 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்கு முதல் வால்வு பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றது. இறக்குமதி வால்வின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைத்த அந்த வால்வு ஒரு லட்சத்துக்கும் அதிகமான இதயங்களில் துடித்தது. அங்கே, இறக்குமதி வால்வு வாங்க வழியில்லாத வாத நோயாளிகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த அறுவை மருத்துவர்களே வடிவமைப்பு மேசையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

தமிழில் கேட்பது என்ற ஒரே சொல் காதுக்கும் உண்டு, வாய்க்கும் உண்டு. சோனாரைக் கடற்படை கேட்டது. வேறு நாடுகள் தம் சிறந்த சோனாரைத் தரமாட்டா என்பதால் வற்புறுத்திக் கேட்டது. வால்வை நோயாளியின் வறுமை கேட்டது. ஸ்கேன் எந்திரத்தை அப்படி யாரும் கேட்கவில்லை. பணம் கொடுத்தால் பெட்டியில் வந்து இறங்கும் பொருளுக்கு யார் பத்தாண்டு காத்திருப்பார்கள்?

சட்டத்தின் நியாயம்

இந்த நாட்டில் ஸ்கேன் எந்திரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வயிற்றில் இருப்பது பெண் என்று சொல்லிக் கொடுத்த முகம். 0-6 வயதில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2001-ல் 927 ஆனது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது, 2003-ல் இறுக்கப்பட்டது. எந்திரம் ஒவ்வொன்றும் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவில்லாதவருக்கு விற்கக் கூடாது. 2012-ல் கையடக்க எந்திரங்களின் நடமாட்டத்துக்கும் விதிகள் வேலி போட்டன. ஒரு தலைமுறைப் பெண் குழந்தைகளைத் தொலைத்த நாட்டில் இந்தச் சட்டம் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதன் நிழல் வடிவமைப்பின் மீதும் விழுகிறது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு கையடக்கக் கருவியில், பீங்கான் கீற்றுகளுக்குப் பதிலாக ஒரே சிலிக்கான் சில்லில் சுமார் 9,000 நுண் டிரான்ஸ்டியூசர்கள். மற்ற நாடுகளில் அத்தகைய கருவி மருத்துவரின் சட்டைப் பையில் வீடு வீடாகப் போகிறது. இங்கே அது பதிவு பெற்ற சுவர்களுக்குள் நிற்க வேண்டும். இதற்கு விடை சட்டத்தைத் தளர்த்துவதில் மட்டும் இல்லை. கருவியின் நோக்கத்தை மாற்றுவதிலும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய ஆர்ட்சென்ஸ் கருவி, அல்ட்ராசவுண்டால் கழுத்து ரத்தக் குழாயின் விறைப்பை அளக்கிறது, படமே காட்டுவதில்லை. கேள்வி மாறினால் கருவியும் மாறும் என்பதற்கு அது சாட்சி.

ஊமையான காதுகள்

இறக்குமதி செய்து காலம் தள்ளினால் என்ன குறை என்று கேட்கலாம். குறை புரோப்பின் முனையில் இருக்கிறது. புரோப் கை தவறித் தரையில் விழும். வண்டிச் சக்கரம் அதன் வயரில் ஏறும். 128 காதுகளில் பத்து ஊமையாகும். எந்திரம் நிற்காது, எச்சரிக்கை மணி அடிக்காது. மீதி 118 சேர்ந்து ஒரு படத்தைத் தந்துகொண்டே இருக்கும். படம் சற்று மங்கும், ரத்த ஓட்டத்தின் அளவு சற்றுப் பிசகும். பார்ப்பவருக்குத் தெரியாது. ஸ்வீடனில் 32 மருத்துவமனைகளில் அன்றாடப் பயன்பாட்டில் இருந்த 676 புரோப்களைச் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், பத்துக்கு நான்கு பழுதாக இருந்தன. பராமரிப்புக்குப் பேர்போன நாட்டின் கதை இது. நம் தாலுகா மருத்துவமனையில் ஒரே புரோப்பைக் காலையிலிருந்து மாலை வரை கை மாற்றிக் கை மாற்றிப் பயன்படுத்தும் இடத்தில் நிலை என்ன என்று ஊகிக்கலாம்.

வரிசையின் பலமே இங்கே ஆபத்தாகிறது. ஒற்றைக் காது செத்தால் உடனே தெரியும். 128-ல் சில செத்தால் மற்றவை மூடி மறைத்துவிடும். துண்டு துண்டாகச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தத் திறமை, வரிசை செய்யத் தெரிந்த இடத்தில்தான் வளரும். சோனார் துண்டுகளை ஒவ்வொன்றாக நீரில் இறக்கிச் சோதித்த பிறகே கப்பலுக்கு அனுப்பும் பழக்கம் உள்ள ஊர்களில், ஆஸ்பத்திரி புரோப்பைச் சோதிக்கும் கூடம் ஒன்று அமைப்பது நடக்காத காரியம் அல்ல.

முழு எந்திரத்தையும் இங்கேயே செய்ய வேண்டும் என்ற வீறாப்பு வேண்டியதில்லை. கூட்டல் கணக்கைச் செய்யும் மென்பொருளை எழுத இந்தியப் பொறியாளர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பன்னாட்டு நிறுவனங்களுக்காக அவர்கள் பெங்களூரில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதல் படியை எடுக்க வேண்டியவர்கள் வாங்குபவர்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் கேரளத்தின் அதே வகைக் கழகமும் அரசு மருத்துவமனைகளுக்காக மொத்தமாக வாங்குகின்றன. டெண்டரில் இரண்டு வரி சேர்த்தால் போதும். விற்ற புரோப் ஒவ்வொன்றையும் ஆண்டுக்கொரு முறை, துண்டு துண்டாகச் சோதித்துச் சான்று தர வேண்டும் என்பது ஒன்று. பழுது பார்க்கும் வேலை இந்த மண்ணிலேயே நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. பழுது பார்க்கப் பழகிய கை, சில ஆண்டுகளில் செய்யவும் பழகும்.

1971-ல் இப்படிக் கேட்க வைக்க 194 பேர் சாக வேண்டியிருந்தது. ஊமையான ஒரு புரோப் தவறவிட்ட கட்டியை யாரும் அந்தக் கணக்கில் எழுதுவதில்லை. அதனால் அந்தச் சாவுகள் இல்லை என்று ஆகிவிடாது.